பெஞ்சில் மூன்றாவது ஆள்

எனக்கு முன்னால ரெண்டு பேரு இருக்காளுவ. மொத மும்தாஜு, அடுத்து இசக்கி, மூணாவது நான். ஏழு நிமிசம் இருக்கு, மூணு பாயிண்டு பின்னால கெடக்கோம், உள்ள நாலு பேருதான் நிக்காளுவ, நான் இங்கன உக்காந்து விரல் விட்டு எண்ணிக்கிட்டிருக்கேன், ரெண்டு பேரு போவணும் பொறவு நான், ரெண்டு பேரு போவணும் பொறவு நான். எங்க சித்திக்கு இந்தக் கபடி ரூல்ஸு எத்தனை தடவ சொல்லிக் குடுத்தாலும் மண்டைல ஏறாது. ஏட்டி, அவுட்டுன்னா அவுட்டுதான, பொறவு எதுக்கு மறுபடி உள்ள வாராளுவன்னு கேப்பா. அவுட்டானவ வரிசையா பெஞ்சுல உக்காரணும் சித்தி, நம்ம ஆளு எதிராளி ஒருத்திய அவுட்டாக்குனா நம்மள்ல மொத உக்காந்தவ எந்திரிச்சு உள்ள போவலாம், செத்தவ பொழைக்க மாதிரின்னு சொன்னேன். அதுக்கு அவ, அப்ப சாவுறதுலயும் வரிசை உண்டுமோன்னா. உண்டு சித்தி. மூணாவதா உக்காந்திருக்கேன், பொழைக்கச் சொல்லிருவாவளோன்னு பயந்து உக்காந்திருக்கேன். இடது முட்டி கனக்கு. முட்டிக்கேப்புக்கு மேலயும் கீழயும் சதை பிதுங்கி நிக்கி, யாரும் பாத்துறக் கூடாதுன்னு துண்டைப் போட்டு மூடிருக்கேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கது இதுதான். இதுல பெரிய கூத்து என்னன்னா, என்னைய எவளும் அவுட்டாக்கல. நானா ஆனேன். எதிர் டீமு ஆறாம் நம்பரு, அந்த ஒட்டடக்கம்பு, மூச்சுப் புடிச்சு கபடி பாடிட்டு என் கார்னருக்கு நேரா வந்தா. நான் பின்னால ஒரு எட்டு வச்சேன், இன்னொரு எட்டும் வச்சேன், குதிங்காலு கடைசிக் கோட்டைத் தாண்டுனது எனக்கு நல்லாத் தெரியும். நடுவர் விசிலடிச்சு என்னையக் காமிச்சாரு. ஆனைக்கும் அடி சறுக்கும்ட்டி விடுன்னு ரெஜினா முதுகுல தட்டுனா, பாவம். கொஞ்ச நேரம் உக்காருவோம், எங்க கோச்சு கோமதி மிஸ் எப்பிடியும் டைம் அவுட்டு கேப்பாவ, அப்ப கெண்டைக்காலு புடிச்சிக்கிட்டு மிஸ்ஸுன்னு சொல்லுவோம், நமக்குப் பதிலா ஒருத்திய எறக்கிருவாவ, சோலி முடிஞ்சுன்னு கணக்குப் போட்டேன். பெஞ்சுல வந்து உக்காந்தப்பொறவுதான் ஒறைக்கு, அவுட்டானவளுக்குப் பதிலா ஆளு எறக்க முடியாது. உள்ள நிக்கவளத்தான் மாத்தலாம், பெஞ்சுல இருக்கவ உள்ள போயித்தான் தீரணும். ஆறு வருசமா ஆடுதேன், கேப்டன் வேற, சின்னப்புள்ளையளுக்கு இந்த ரூல்ஸைச் சொல்லிக் குடுக்கதே நாந்தான். பயம் வந்தா புத்திதான் மொத எந்திரிச்சுப் போவும் போல.

நாப்பது நாளு. காலைல பிராக்டிஸ்ல, கணுக்காலைப் புடிக்கத் திரும்புனேன், பாதம் நின்ன எடத்துலயே நின்னுட்டு, முட்டி மட்டும் திரும்பிட்டு. முருங்கைக்கா ஒடிச்ச மாதிரி ஒரு சத்தம். எவளுக்கும் கேக்கல, எனக்கு மட்டும், காதுல இல்ல, பல்லுல கேட்டுது. எந்திரிச்சு மண்ணத் தட்டிட்டு, ஒண்ணுமில்ல ஆடுங்கட்டின்னேன். சாயந்தரம் முட்டி தேங்கா தண்டி ஆயிட்டு. இசக்கிக்கு வயித்துவலின்னு வார்டன்ட்ட ஒரு பொய்யச் சொல்லி அவளக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவதான் பதினஞ்சு வயசுன்னாலும் ரகசியம்னா வாயத் தெறக்காதவ. சின்ன வயசு டாக்டரம்மா. படுக்க வச்சு, முட்டிய மடக்கச் சொல்லி, என் பாதத்து மேல லேசா உக்காந்து கெண்டைய ரெண்டு கையாலயும் முன்னால இழுத்தாவ. மேசை டிராயரு மாதிரி வந்துது. என் காலு, எனக்கே தெரியாம அப்பிடி வருது. உள்ள ஒரு நாரு அறுந்திருக்கும்மா, ஸ்கேன் எடுத்துப் பாப்போம், அதுவரைக்கும் ஓடாத, குதிக்காத, இதோட ஆடுனா மிச்சமிருக்க ஜவ்வும் கிழிஞ்சிரும்னாவ. ஆபரேசன்னா எத்தனை நாளுன்னு கேட்டேன். ஒம்பது மாசம் களத்துப் பக்கம் போவக் கூடாதுன்னாவ. ஒம்பது மாசம். மாநில டீமுக்கு செலக்சன் நாப்பது நாள்ல, இன்னைக்கு நடக்க இந்த மேட்சுதான் அது. பன்னெண்டாங்கிளாஸ் முடிக்கப் போறேன், இந்த வருசத்து சர்ட்டிபிகேட்டு இருந்தாத்தான் காலேஜுல ஸ்போர்ட்ஸ் கோட்டா, இல்லைன்னா எனக்கு என்ன மார்க்கு வரும்னு எனக்குத் தெரியாதா. டாக்டரம்மாட்ட சரிம்மான்னேன். அந்தச் சீட்டை மடிச்சு ஷூ பெட்டிக்கு அடில வச்சேன். இசக்கியக் குலதெய்வத்து மேல சத்தியம் பண்ணச் சொன்னேன், பண்ணுனா. அன்னைலருந்து என்னையப் பாக்கும்போதெல்லாம் அவ கண்ணு மொத என் முட்டிக்குத்தான் போவும், எனக்கு எரிச்சலா வரும், கண்ணைத் தோண்டிப்புடுவேன்ட்டின்னு ஒருநாள் திட்டிட்டேன்.

விசிலு. ஒம்பதாம் நம்பரை அமுக்கிட்டாளுவ. நாலு பேரும் மேல விழுந்து கெடக்காளுவ, கேலரியே எந்திரிச்சு நிக்கி. மும்தாஜு என் தொடைல ஒரு தட்டு தட்டிட்டு உள்ள ஓடிட்டா. ஒண்ணு போச்சு. இன்னும் ஒருத்திதான். நான் கை தட்டவே இல்ல, இப்பத்தான் பாக்கேன், எங்கையி துண்டைப் புடிச்சிட்டே இருக்கு. இப்ப ரெஜினா பாடிட்டுப் போறா. அவளுக்குக் காலு நீளம், தொட்டான்னா தொட்டதுதான். ரெஜினா, போனஸ் எடுட்டி, போனஸ் போதும்ட்டி. அந்த போனஸ் கோட்டை மட்டும் தாண்டி மிதிச்சிட்டு வந்தா பாயிண்டு வரும், ஆனா பெஞ்சுலருந்து யாரும் எந்திரிக்க வேண்டாம், ஆளத் தொட்டாத்தான் ஆளு எந்திரிக்கணும். எவ இந்த ரூல்ஸை எழுதுனாளோ அவ நல்லாருக்கணும். தொடாத, தொடாத, கோட்டை மிதி, திரும்பி வா. மிதிச்சிட்டா. போனஸ். நான் எந்திரிக்காமலே அப்பிடித் தட்டுதேன், கையி செவந்து போவுது, செபாஷ்ட்டி ரெஜினான்னு கத்துதேன். இசக்கி மெல்லத் திரும்பி என்னையப் பாக்கா. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு நான் எதுக்குத் தட்டுதேன்னு. சீ. என் டீமு ஆளத் தொட்டுறக் கூடாதுன்னு சாமி கும்புடுத கேப்டன் இந்த உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். எங்ககூட ஆடுன வடிவு இப்பிடி உக்காந்திருந்தா நான் என்ன சொல்லிருப்பேன். என்ன சொல்லிருப்பேன்னு என்ன கேள்வி, சொன்னேம்லா. போன வருசம் இதே மாதிரி ஒரு மேட்சு, வடிவு இந்தப் பக்கத்துக் கார்னரு. முட்டி நிக்க மாட்டேங்கு மிஸ்ஸுன்னு அழுதா. மிஸ் அவளப் பாக்கல, என்னையப் பாத்தாவ, நெசமாட்டின்னு என்ட்டதான் கேட்டாவ. நான் நடிக்கா மிஸ்ஸுன்னேன். நேத்து டி.வி. ரூமுல குதிச்சு ஆடிட்டுத்தான இருந்தான்னும் சேத்துச் சொன்னேன். அது வேற நெசம், அவ ஆடத்தான் செஞ்சா, ஒத்தக் கால்ல ஆடுனாளா ரெண்டு கால்ல ஆடுனாளான்னு யாரு பாத்தா. எனக்கு அன்னைக்கு செயிக்கணும், அம்புட்டுதான். அவள உள்ள அனுப்புனாவ, மூணாவது ரெய்டுல கத்துனா பாருங்க, அந்தச் சத்தம். செயிச்சோம். அவ ஹாஸ்டலக் காலி பண்ணிட்டுப் போவும்போது நான் குளிக்கப் போற மாதிரி போயிட்டேன். பொறவு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடைல வச்சுதான் அவளப் பாத்தேன். இந்த செலக்சனுக்கு சர்ட்டிபிகேட்டெல்லாம் காப்பி எடுக்கப் போனேன், அவ இருக்காள்னு தெரியாது, தெரிஞ்சா போயிருக்க மாட்டேன். நிமிந்து பாத்தா, கையில இருந்ததை வாங்குனா, எத்தனை காப்பின்னு கேட்டா. ரெண்டுன்னேன். மெசினுக்கும் மேசைக்கும் நாலு எட்டு இருக்கும், அந்த நாலு எட்டுக்கும் மேசையப் புடிச்சிட்டே நடந்தா. நான் செயிச்ச காயிதத்தையெல்லாம் ஒவ்வொண்ணா கண்ணாடில வச்சு மூடி மூடி எடுத்தா. அவளும் ஆடுன மேட்சுதான் அதுல பாதி. என்னைய ரெண்டு ஏச்சு ஏசிருந்தா நல்லாருந்திருக்கும், நாசமாப் போவான்னாச்சும் சொல்லிருக்கலாம். காப்பிய அடுக்கி, ஓரத்தைத் தட்டி, கையில குடுத்தா.

அந்தப் பக்கத்துக்காரி பாடிட்டு வாரா, ஒண்ணும் கெடைக்காம திரும்புதா. நல்லது. மேல கேலரில எங்க அப்பா நிக்காவ, ஊதாச் சட்டை. பெரியப்பா, பெரியப்பா மக்க, மார்க்கெட்டுக் கூட்டாளிய, ஒரு வேன் ஆளு. புளியங்குடிலருந்து விடியக்காலைல கெளம்பி வந்திருக்காவ, ஒரு சாக்கு எலுமிச்சம்பழம் வேற, டீமுக்குப் புழிஞ்சு குடுக்க. அப்பா ஓட்டுத லோடு ஆட்டோ பின்னால என் போட்டோதான் ஒட்டிருக்கு, கையக் கட்டிட்டு மொறைச்சிட்டு நிக்க போட்டோ, கீழ கபடி ராணி முப்பிடாதின்னு செவப்பு எழுத்து. எலுமிச்சம்பழத்து மூட்டையளுக்குக் கீழ தெனமும் நான் ஊரைச் சுத்துதேன். இதே பெரியப்பாதான் அன்னைக்கு, பொட்டப்புள்ளைக்கு டவுசர மாட்டி மண்ணுல உருள விடுதியே, நாளைக்கு எவன்டா கெட்டுவான்னு அப்பாவ நடுத்தெருவுல வச்சுக் கேட்டாரு. அப்பா அன்னைக்கு ராத்திரி சோறு திங்கல. மாவட்டத்துல கப்பு வாங்குனப்பொறவு அதே பெரியப்பா பஜார்ல ஃபிளெக்ஸ் வச்சாரு, அதுல என் படம் தபால்தலை சைசு, அவரு படம் ஆளு உசரம். ஊரே சிரிச்சுது, அப்பாவும் சிரிச்சாவ, சிரிச்சிட்டே என் தலைல கைய வச்சு, நீ ஆடுத வரைக்கும்தாம்மா நான் இவனுவ முன்னால நிமிந்து பேச முடியும்னாவ. ஆசையாத்தான் சொன்னாவ. அந்தக் கையி இன்னும் எறங்கல. போன மாசம் ஊருக்குப் போனப்போ வீட்டுக்குள்ளயும் பேண்ட்டு போட்டே திரிஞ்சேன், தரைல உக்காந்து சாப்புட முடியல, கட்டில்ல வச்சுத் தின்னேன், ஏளா தொரைசாணி ஆயிட்டியோன்னு அம்மை கேலி பண்ணுனா. ஆமாளான்னு நானும் சிரிச்சேன். சொல்லிருக்கலாம். அம்மைட்ட சொன்னா அப்பாட்ட போவும், அப்பாட்ட சொன்னா அப்பா என்ன சொல்லுவாவ, விட்டுரும்மான்னுதான் சொல்லுவாவ, எனக்குத் தெரியும், வேண்டாம்மா வந்துருன்னு சொல்லிட்டு மறுநா காலைல ஆட்டோ பின்னால இருக்க ஸ்டிக்கரைச் சொரண்டிட்டு நிப்பாவ. அதை நெனைச்சுத்தான் வாய மூடுனேன். காலு போனாலும் பாத்துக்கிடலாம், அதைப் பாக்க முடியாதுன்னு நெனைச்சேன். இப்ப காலு போயிருமோன்னு இருக்கையில அது அம்புட்டுப் பெருசாத் தெரியலையே, ஏன் தெரியல, எனக்கு எது பெருசுன்னே தெரியலையா.

கோமதி மிஸ் கோட்டுக்கு வெளிய அங்கயும் இங்கயும் நடக்காவ. கையில பேப்பரு, அதைச் சுருட்டிச் சுருட்டி நசுக்குதாவ. மிஸ் சமதரைல நல்லாத்தான் நடப்பாவ, மாடிப்படி எறங்கும்போது பாக்கணும். பக்கவாட்டுல திரும்பி, ஒரு கைய செவுத்துல வச்சு, ஒவ்வொரு படிக்கும் ரெண்டு காலையும் சேத்து வச்சு எறங்குவாவ. நாங்க ஹாஸ்டல்ல அதை நடிச்சுக் காட்டி சிரிப்போம், நாந்தான் நல்லாப் பண்ணுவேன், முப்பி இன்னொரு தடவ பண்ணுட்டின்னு கேப்பாளுவ. இப்ப நானும் அப்பிடித்தான் எறங்குதேன், யாரும் இல்லாத நேரம் பாத்து. மிஸ் பொல்லாதவுகன்னு சொல்ல மாட்டேன். எனக்கு டைபாய்டு வந்தப்போ மூணு நாளு என் கட்டிலுக்குக் கீழ பாயப் போட்டுப் படுத்தாவ, பெத்த தாயி செய்ய மாட்டா. ஆனா வலிக்கின்னு எவளாச்சும் வாயத் தெறந்தா, எனக்கு மட்டும் வலிக்காமயா பதினோரு வருசம் ஆடுனேன்னு ஒரு வார்த்தைதான் வரும். அந்த வார்த்தைக்குப் பொறவு எவளுக்கும் வலிக்காது. இதோ ரெஜினா போறா. குனியுதா, கைய வீசுதா, தொட்டுட்டா. தோளைத் தொட்டுட்டா. பாயிண்டு. இசக்கி எந்திரிக்கணும். எந்திரிச்சவ உடனே போவல, ஷூ லேசைச் சரிபண்ணுத மாதிரி என் பக்கம் குனிஞ்சா. "எக்கா, சொல்லிரு," அப்பிடின்னா, அம்புட்டுதான், போயிட்டா. என் கார்னர்ல போயி நிக்கா, நான் இல்லாத எடத்துல. பெஞ்சுல நான் மட்டுந்தான். மொத ஆளு. உள்ள போனா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும், அதான் கொடுமை. ஆறாம் நம்பரு என் பக்கம்தான் வருவா, மறுபடி கோட்டை மிதிச்சா அங்க மேசை போட்டு உக்காந்திருக்க மூணு செலக்டருமாரும் சிரிப்பாவ, புடிச்சே ஆவணும், புடிக்கணும்னா எடது காலை ஊணித் திரும்பணும். ஊணும்போது வலிக்காது. திரும்பும்போதுதான் தொடைஎலும்பு ஒரு பக்கமும் கெண்டை எலும்பு ஒரு பக்கமும் போவும், வழுக்கு மரத்துல காலு வைக்க மாதிரி. காலைல மூணு மாத்திரை போட்டுட்டுத்தான் வந்திருக்கேன், வலி செத்துக் கெடக்கு, அதனாலயே கூடுதலாப் பயமா இருக்கு. வலிச்சா நிப்பாட்டலாம், இது சொல்லாமக் கொள்ளாமப் போயிரும்லா.

மும்தாஜு வந்து தொப்புன்னு பக்கத்துல உக்காருதா, ஆறாம் நம்பரு அவளத் தொட்டுட்டாளாம். மூச்சு வாங்கிட்டே, அடுத்து நீதான் முப்பி, அந்த ஆறாம் நம்பரை நீதான் அடக்கணும், நீ வந்தா முடிஞ்சுரும்ங்கா. செத்துப்போன மாதிரி இருக்கு எனக்கு. ரெஜினா போயிட்டு ஒண்ணுமில்லாமத் திரும்புனா. ஒரு பாயிண்டு பின்னால இருக்கோம். ஆறாம் நம்பரு வாரா. நெதானமா, சிரிச்சிட்டே, என் கார்னருக்கு, இசக்கி பக்கம். இசக்கிட்டி புடிக்காத, விடு, போவட்டும். அவ குட்டைப்புள்ள, ஒத்தைல புடிக்க மாட்டா, நெஞ்சுல உதைச்சுட்டுப் போயிருவா. இசக்கி விழுந்துட்டா. ரெண்டு கையாலயும் கணுக்காலைக் கெட்டிப் புடிச்சிட்டா, மொகம் களத்துல விரிச்ச பாய்ல தேயுது, அவ இழுக்கா இழுக்கா, இவ விடல, ரெஜினா மேல வந்து விழுதா. விசிலு. சமம். ரெண்டு பக்கமும் சமம். இசக்கி கவுந்து கெடக்கா, எல்லாரும் அவ முதுகுல அடிக்காளுவ. அவ தலையத் தூக்கி என்னையத்தான் பாக்கா. செயிச்ச மொகமே இல்ல அது, தப்பு பண்ணிட்டேன் எக்காங்க மொகம். நான் சொல்லிக்குடுத்த புடிதான் அது.

நடுவர் என்னையக் காமிச்சு உள்ள வரச் சொல்லுதாரு. நாலு நிமிசம் இருக்கு. எந்திரிக்கணும். துண்டை எடுத்து வச்சேன், அதுவரைக்கும் சரி. எந்திரிக்கல. அவரு மறுபடி கையக் காட்டுதாரு. மும்தாஜு, ஏட்டி ஒன்னையத்தான்னு முழங்கையால இடிக்கா. மிஸ் ஓடி வாராவ, என்னட்டி, என்னட்டின்னு. கிட்ட வந்து குனியுதாவ, அவுக மூச்சு என் மொகத்துல அடிக்கி. சொன்னேன். எப்பிடிச் சொன்னேன்னு தெரியல, வாயி தானா சொல்லிட்டு.

"மிஸ், முட்டி அறுந்துருக்கு. நாப்பது நாளாச்சு."

மிஸ் துண்டில்லாத என் முட்டியப் பாக்கவே இல்ல. என் கண்ணைத்தான் பாத்தாவ.

"தெரியும்ட்டி. ஒரு மாசமாத் தெரியும். நாலு நிமிசந்தான், எந்திரி."

தெரியுமாம். ராத்திரி ராத்திரி துண்டைக் கடிச்சிட்டு ஐஸ் வச்சேனே, தெரியுமாம். படில யாரும் இல்லாத நேரம் பாத்து எறங்குனேனே, மாத்திரைய இட்லிக்குள்ள வச்சு முழுங்குனேனே, நான் யாருட்ட மறைச்சேன், எதுக்கு மறைச்சேன், மறைக்கதைப் பாத்துட்டே ஒரு மாசம் எதுத்தாப்புல நின்னு விசிலடிச்சாவளா இவுக. அழுகை வரல. கோவம் வருது, அடிவயித்துலருந்து வருது, இம்புட்டுக் கோவம் எனக்கு எந்த எதிராளி மேலயும் வந்ததில்ல. கோவத்துக்கு அடில பாத்தா, இவுக மொகத்துல இருக்கதும் பயந்தான், என்னைய மாதிரியே பயந்து போயித்தான் நிக்காவ, அந்த மூணு செலக்டரையும் ஒரு கண்ணால பாத்துட்டே நிக்காவ. இருக்கட்டும். அது அவுக பயம். "முடியாது மிஸ்," அப்பிடின்னேன், சத்தமா வரல, ஆனா சொல்லிட்டேன். நடுவர் விசிலும் அடிச்சாச்சு. எதிர் டீமு புள்ளைய இடுப்புல கைய வச்சுட்டு பாக்காளுவ. உள்ள அஞ்சு பேரு எனக்கு எடம் விட்டு நிக்காளுவ. மேல அப்பாவுக்கு இன்னும் வெளங்கல, என் முறை வந்துட்டுன்னு மட்டும் தெரியும், ஊதாச் சட்டை ரெண்டு கையையும் தூக்கித் தட்டுது, வேன் ஆளுவ எல்லாரும் முப்பிடாதி முப்பிடாதின்னு கத்துதாவ. அந்தச் சத்தம் கேட்டா என் ஒடம்பு தானா எந்திரிக்கும், ஆறு வருசமா அப்பிடித்தான் பழகிருக்கு. இப்பவும் தொடை முறுகுது, குதிங்காலு தரையத் தேடுது. நான் ரெண்டு கையாலயும் பெஞ்சு விளிம்பைக் கெட்டியாப் புடிச்சிட்டு உக்காந்திருக்கேன். கைய விட்டா எந்திரிச்சுருவேன்.